பின்னால் நடந்தவளுக்காக ஒரு பட்டிமன்றம்

ஃபயர் அலாரம் அடிக்கத் தொடங்கியபோது நான் குத்துவிளக்கின் கடைசித் திரியை ஏற்றிக்கொண்டிருந்தேன். கவுன்சிலுக்குச் சொந்தமான பழைய பள்ளிக்கூடக் கட்டடம் அது. மூன்றாம் மாடியில், ரோமக் காவிய வகுப்பு நடக்கும் அறையில், கதிரைகளை விரித்துப் போட்டு ஒரு சபையே கூடியிருந்தது. முன்வரிசையில் கவுன்சில் அதிகாரி அம்மா ஒரு கையில் பொரித்த றோல்ஸும் மறு கையில் தேநீர்க் கோப்பையுமாக விறைத்துப்போய் இருந்தார். என் மாமனார் மட்டும் அலாரத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தி, "ஒருத்தரும் எழும்ப வேண்டாம், வரவேற்புரை இன்னும் முடியேல்லை" என்றார்.

இப்படிக் கதையை நடுவில் தொடங்கினால் எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது. யாழ்ப்பாணத்தார் ஒருவருக்குக் கதை சொல்வதென்றால் எந்த ஊர், யாருடைய மகள், எந்தப் பள்ளிக்கூடம், கலியாணம் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். ரோமக் காவியக்காரர்கள் அப்படியில்லை. புயலில் கப்பல் உடைந்துகொண்டிருக்கும்போதே கதையைத் தொடங்கிவிடுவார்கள். கப்பல் யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் பிறகு ஒரு விருந்தில் வைத்து ஆறுதலாகச் சொல்வார்கள். அவர்கள் இந்தப் பழக்கத்தைக் கிரேக்கர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஆகவே அலாரம் சற்று நேரம் அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

நாங்கள் அப்போது கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் இருந்தோம். என் கணவர்தான் முதலில் லண்டனுக்கு வந்தார். மகள் பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்த கையோடு, எண்பத்துமூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம், ஒரு சின்னப் பெட்டியோடு வெளிக்கிட்டுப் போனவர். "நான் போய் எல்லாத்தையும் சரிப்படுத்திப்போட்டுக் கூப்பிடுறன்" என்றார். சரிப்படுத்த இரண்டு வருடத்துக்கு மேலானது. அந்தக் காலம் முழுவதும் நான் குழந்தையோடு வீடு மாறி வீடு மாறி அவருக்குப் பின்னால் இருந்தேன். இதைப்பற்றி நாங்கள் இருவரும் பேசியதில்லை. வந்த பிறகு பேசுவதற்கு வேறு எத்தனையோ இருந்தன: வாடகை, ஷிப்ட், மகளின் இருமல், எந்தக் கடையில் நல்ல மரக்கறி.

எண்பதுகளின் கடைசியில் மாமனாரும் எங்களிடம் வந்து சேர்ந்தார். அந்த வருடம் நான் தையல் வகுப்பில் சேரப் போனேன். தையல் நிரம்பிவிட்டது என்றார்கள். கேக் ஐசிங்கும் நிரம்பிவிட்டது. எனக்குப் புதன்கிழமை பின்னேரம் மட்டுந்தான் ஏலும். அன்றைக்குத்தான் கணவருக்கு பெற்றோல் ஷெட்டில் வேலையில்லை, மகளைப் பார்த்துக்கொள்வார். புதன்கிழமையில் இடமிருந்த ஒரே வகுப்பு, ரோமக் காவியங்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் படிப்பது. வாசலில் இருந்த பெண் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே அதைச் சொன்னாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஊரில் ஐந்து வருடம் இலக்கியம் படிப்பித்தவள் நான். லண்டனில் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தால் காவியம் விளங்காமல் போய்விடுமா? அங்கேயே சேர்ந்துவிட்டேன்.

படிப்பித்தவர் வெள்ளைக்காரப் பெண், அறுபதைத் தாண்டியவர், நல்ல உயரம். சைக்கிளில் வந்து, மூச்சிரைக்கப் படியேறி, தொப்பியைக் கழற்றாமலே லத்தீனில் ஒரு பத்தியைச் சொல்லத் தொடங்குவார். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் வரிக்கு ஆறு சீர், நெட்டையும் குட்டையுமாக மாறிமாறி விழும். மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். முதல் நாளே என் விரலும் தட்டத் தொடங்கியது. வீடு போகும் பஸ்ஸில் நான் எனக்குள் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். லண்டனுக்கு வந்தபின் எனக்கென்று கிடைத்த முதல் பொருள் அந்தப் புதன்கிழமைதான்.

போகப்போக, இது நமக்குத் தெரிந்த உலகமாகத்தான் இருக்கிறதே என்று தோன்றியது. கவிஞர்கள் தெய்வத்தைக் கூப்பிடாமல் வாய் திறப்பதில்லை. எங்கள் காப்புச் செய்யுள்தான். போருக்குப் போகிறவர்களை ஊர் ஊராக, குலம் குலமாகப் பெயர் சொல்லி அடுக்குகிற ஒரு வழக்கம் உண்டு. பக்கம் பக்கமாகப் போகும். வகுப்பில் மற்றவர்கள் அதைத் தள்ளிவிட்டுப் படித்தார்கள். நான் ஒரு பெயரையும் விடவில்லை. எங்கள் கலியாண வீடியோவில் சாப்பாட்டுப் பந்தியை முழுவதுமாக எடுப்பது எதற்காக? ஒரு முகம் விடுபட்டால் அந்தக் குடும்பம் பிறகு எங்கள் வாசற்படி மிதிக்குமா? அந்தப் புலவனுக்கும் அதே பயம் இருந்திருக்கும்.

தெய்வங்களின் கோபம்தான் வகுப்பில் பலருக்கு விளங்கவில்லை. ஒரு தேவி, தனக்கு மரியாதைக் குறைவு நடந்துவிட்டது என்று ஒரு குலத்தையே வருடக்கணக்காகக் கடலில் அலைய விடுகிறாள். இது மிகையில்லையா என்று ஒருவர் கேட்டார். நான் கையை உயர்த்தினேன். எங்களுடைய ஆட்களில் கலியாண அழைப்பிதழை நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், தபாலில் அனுப்பினால் அந்த உறவு முடிந்தது, என்னுடைய ஒன்றுவிட்ட மாமி ஒருவர் அப்படியொரு அழைப்புக்காகப் பதினைந்து வருடமாகக் கதைக்காமல் இருக்கிறார் என்றேன். ரீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "இந்த மாமியை இனி நாங்கள் மறக்கக்கூடாது" என்று பலகையில் தேவியின் பெயருக்குப் பக்கத்தில் 'மாமி' என்று எழுதிவைத்தார்.

நான் வகுப்புக் கதைகளை வீட்டில் வந்து சொல்லச் சொல்ல மாமனாருக்கும் வகுப்புக்கு வர ஆசை பிடித்துவிட்டது. மாமா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் அது கோட்டும் தொப்பியும் போட்ட பழைய ஆங்கிலம். முழங்கால் மட்டும் சரியில்லை. வகுப்புக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது வசதியாகப் போயிற்று. முதல் நாளிலிருந்தே அவருக்கு அந்தப் புலவனோடு சண்டை. காவியத்தில் ஒரு வழக்கம், போர் உச்சத்தில் இருக்கும்போது புலவன் சட்டென்று நிறுத்தி, 'எப்படி மலையடிவாரத்தில் ஒரு மேய்ப்பன்' என்று தொடங்கி, மேய்ப்பனுடைய நாய், நாய் குரைத்த ஓநாய், ஓநாயின் பசி என்று பத்து வரி போய்விட்டு, 'அப்படித்தான் இவனும் பாய்ந்தான்' என்று திரும்பி வருவான்.

"வாளை ஓங்கினவன் ஓங்கினபடி நிக்கிறான். இவருக்கு இப்பதான் நாய்க்கதை" என்பார் மாமா. "எங்கட லைனிலை ஒரு ரெயினை இப்பிடி நடுவிலை நிப்பாட்டினால் வேலை போயிருக்கும்."

ஆனால் வீட்டில் மகளின் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தைப் பற்றி யாரோடோ போனில் கதைக்கும்போது அவரும், "எப்பிடியெண்டால் இந்த மாரிகாலத்திலை குளம் உடைக்கேக்கை" என்று தொடங்கிப் பில் ஏறும்வரை நிறுத்தமாட்டார். என் கணவர் மணிக்கூட்டைப் பார்ப்பார்.

கணவருக்கு இதிலெல்லாம் ஈடுபாடில்லை. "ரெண்டாயிரம் வரியத்துக்கு முந்தின கதை. எனக்கு பெற்றோல் ஷெட்டிலையே ஒரு நாளைக்கு ஆயிரம் கதை" என்பார். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். புதன்கிழமைகளில் மகளுக்குப் புட்டவித்துக் கொடுத்து, தலை பின்னிவிட்டு, நாங்கள் வரும்வரை தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார்.

பிறகு எரிகிற நகரம் வந்தது.

கதை இதுதான். பகைவர் தந்திரமாக உள்ளே புகுந்து நகரம் எரிகிறது. நாயகன் தப்பிப் போகவேண்டும். நடக்கமாட்டாத தகப்பனைத் தோளில் தூக்கிக்கொள்கிறான். சின்ன மகனைக் கையில் பிடித்துக்கொள்கிறான். குலதெய்வங்களைத் தகப்பன் கையில் வைத்திருக்கிறார். எல்லாம் சரி. மனைவியிடம் என்ன சொல்கிறான்? நீ கொஞ்சத் தூரம் விட்டுப் பின்னால் வா என்கிறான். அவன் ஊர் எல்லைக்குப் போய்த் திரும்பிப் பார்க்கும்போது அவள் இல்லை. தேடி ஓடுகிறான். அவளுடைய ஆவி வந்து, கவலைப்படாதே, இது தெய்வங்களின் விருப்பம், போகிற இடத்தில் உனக்கு அரசும் வேறொரு மனைவியும் காத்திருக்கிறார்கள் என்று ஆறுதல் சொல்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செத்த பிறகும் அவளை மரியாதையாகப் பேச வைத்துவிட்டானே அந்தப் புலவன்! எங்கள் பக்கத்துப் பேயென்றால் ஏழு தலைமுறைக்கு அவனைத் தூங்க விட்டிருக்குமா? ரீச்சர் பொறுமையாக விளக்கினார். ரோமக் காவியத்தின் பெரிய கருப்பொருளே கடமைதான், தகப்பனுக்கு, தெய்வத்துக்கு, இன்னும் கட்டப்படாத ஒரு நகரத்துக்கு. நாயகன் தனக்கு விருப்பமானதையெல்லாம் ஒவ்வொன்றாக இழந்துதான் அங்கே போய்ச் சேருகிறான், அந்த இழப்பையும் புலவன் மறைக்கவில்லை என்றார். அது எனக்கும் விளங்கியது. கோபம் மட்டும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து, புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவருக்கு முழுக்கதையையும் சொன்னேன். "ஏன் அவன் திரும்பிப் பாக்கேல்லை? அதைச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "அந்தக் குழம்பை இதிலை கொஞ்சம் விடும்" என்றார்.

இந்த நிலையில்தான் வகுப்பை மூடப்போவதாகச் செய்தி வந்தது. ஒரு டசின் பேராவது இல்லாத வகுப்புகளைக் கவுன்சில் செப்டம்பரிலிருந்து நிறுத்தப்போகிறதாம். நாங்கள் அதைவிடக் குறைவு. ரீச்சர் அன்று தொப்பியைக் கழற்றிவிட்டு அதைச் சொன்னார். இத்தனை வருடத்தில் இதுதான் தன்னுடைய கடைசி வகுப்பாக இருக்கும்போல என்றபோது அவருடைய முகத்தைப் பார்க்கமுடியவில்லை. புதன்கிழமை போய்விட்டால் எனக்கு மிச்சம் உருளைக்கிழங்குதான்.

தவணை முடிவில் ஒரு சின்ன நிகழ்ச்சி வைத்து, கவுன்சில் ஆட்களை அழைத்து, வகுப்பு உயிரோடு இருப்பதைக் காட்டலாம் என்றார் ரீச்சர். ஆளுக்கொரு பத்தி வாசிப்போம் என்பது அவருடைய யோசனை. நான் எழும்பி, வாசித்தால் நித்திரை கொள்வார்கள், பட்டிமன்றம் வைப்போம் என்றேன். இரண்டு அணி, ஒரு நடுவர், சபை கைதட்டும், சிரிக்கும், கோபப்படும் என்று விளக்கினேன். தலைப்பும் தயாராக இருந்தது: மனைவியைப் பின்னால் நடக்கவிட்ட நாயகன் செய்தது சரியா, பிழையா? ரீச்சர் மேசையில் அடித்து, "இதுதான் வேண்டும்" என்றார்.

சரி என்று வாதாட மாமா உடனே முன்வந்தார். தகப்பனைத் தூக்கினவன் எப்படிப் பிழைகாரனாவான் என்பது அவருடைய கட்சி. பிழை என்று வாதாட நான் என்னோடு சமையலறையில் வேலைசெய்யும் அக்காவைப் பிடித்துவந்து வகுப்பிலும் சேர்த்துவிட்டேன். அவர் மன்னார்ப் பக்கம், கத்தோலிக்கர், எங்களுக்குப் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் வீடு. தேவாலயப் பங்கில் மாதர் சங்கத் தலைவியாக இருந்து பேசிப் பழகிய வாய். "அந்தாளை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். மாமாவையா நாயகனையா என்று நான் கேட்கவில்லை. அக்கா தன்னுடைய இரண்டு சிநேகிதிகளையும் கூட்டிவந்தார். அப்படியும் ஓராள் குறைந்தது.

"இனி மிஞ்சினது நீங்கள்தான்" என்று கணவரிடம் சொன்னேன்.

"பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

கவுன்சில் அதிகாரிக்குக் கடிதம் அனுப்பியிருப்பதாக ரீச்சர் சொன்னதும் மாமா பதறிப்போனார். "தபாலிலையோ? பிள்ளை, பலகையிலை எழுதின மாமியை மறந்துபோனியே?" என்று என்னைக் கேட்டார். மறுநாளே இருவரும் வெளிக்கிட்டோம். மாமா கோட் போட்டு, நான் பட்டுச்சேலை கட்டி, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பெட்டியில் பயத்தம் பணியாரம். கவுன்சில் அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அந்த அதிகாரி அம்மா வெளியே வந்து, தட்டையும் எங்களையும் பார்த்து, என்ன முறைப்பாடு என்று கேட்டார். முறைப்பாடு இல்லை, அழைக்க வந்தோம் என்றார் மாமா. தாங்கள் வந்து சபையைச் சிறப்பிக்காவிட்டால் எங்கள் மனம் அமைதியடையாது என்று தன்னுடைய கோட்டுப் போட்ட ஆங்கிலத்தில் சொன்னார். இந்த வேலைக்கு வந்தபிறகு யாரும் தன்னை நேரே வந்து அழைத்ததில்லை என்றார். கட்டாயம் வருகிறேன் என்றார். வெற்றிலையை என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பைக்குள் வைத்தார்.

நிகழ்ச்சி அன்றைக்கு வந்த கூட்டத்தை நானே எதிர்பார்க்கவில்லை. அக்காவின் பங்கு ஆட்கள், எங்கள் கோயில் ஆட்கள், வால்தம்ஸ்டோவில் இருந்து மாமாவின் பழைய ரயில்வே சிநேகிதர்கள். பட்டிமன்றம் என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் சனம் எந்த மாடியும் ஏறும். கணவர் மாமாவைக் காரில் கொண்டுவந்து லிஃப்ட்டில் ஏற்றிவிட்டு, மகளோடு கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போகத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

தெய்வத்தைக் கூப்பிடாமல் காவியம் தொடங்காது என்று ரீச்சரே படிப்பித்திருந்தார். ஆகவே குத்துவிளக்கு. அதில் பிழையில்லை. மாமா விளக்கோடு நிறுத்தியிருக்கலாம். வரவேற்புரைக்கு நடுவில், "ஒரு கட்டி மட்டும்" என்று தட்டில் கர்ப்பூரத்தை ஏற்றிவிட்டார். கறுப்புப் புகை நேரே மேலே போய்க் கூரையிலிருந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் நுழைந்தது. நான் கடைசித் திரியில் கை வைத்திருந்தேன்.

அலாரம் காதைக் கிழித்தது. காவலாளி ஓடிவந்து, விளக்கை ஊதி அணை, ஊதி அணை என்று கத்தினார். குத்துவிளக்கை யாராவது வாயால் ஊதுவார்களா? நான் விளக்கில் சூட்டியிருந்த மாலையில் ஒரு பூவைத் தேடிப் பிய்த்து, ஒவ்வொரு திரியாக அமர்த்தினேன். அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் படியால் இறங்கவேண்டும், லிஃப்ட் வேலைசெய்யாது என்றார். சனம் றோல்ஸ் தட்டுகளையும் விடாமல் வரிசையாக இறங்கத் தொடங்கியது.

மாமா எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. மூன்று மாடிப் படி அது. கடைசி வரிசையிலிருந்து கணவர் வந்தார். குனிந்து, "ஏறுங்கோ அப்பா" என்றார். மாமா முதுகில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, கர்ப்பூரத் தட்டை மட்டும் கையில் விடாமல் பிடித்திருந்தார். மகள் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். "கமோன் அப்பப்பா, ஹோல்ட் டைட்" என்றாள். மூவரும் கதவைத் தாண்டினார்கள். நான் கையில் விளக்கோடு பின்னால் போனேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோளில் தகப்பன், கையில் பிள்ளை, தகப்பனிடம் சாமிச் சாமான், பின்னால் பெண்சாதி. சிரிப்பு வந்தது, சிரிக்கவும் மனம் வரவில்லை.

படியின் முதல் திருப்பத்தில் கணவர் நின்றார். நின்று, முதுகில் மாமாவோடு முழுதாகத் திரும்பினார். அந்தப் பாரத்தோடு திரும்புவது லேசான வேலையில்லை. "நீர் முன்னுக்கு நடவும்" என்றார்.

"போங்கோ, நான் வாறன்."

"இல்லை. நீர் முன்னுக்கு."

நான் முன்னால் போனேன். பின்னால் மாமா முதுகிலிருந்தபடி, "பிள்ளை, இவன் என்ரை கட்சியைக் கவிட்டுப்போட்டான்" என்று முறையிட்டுக்கொண்டே வந்தார்.

கீழே விளையாட்டு மைதானத்தில் நல்ல வெயில். ஆனி மாதத்துப் பின்னேரம், இருட்ட இன்னும் நேரமிருந்தது. தீயணைப்பு வண்டி வந்து, பார்த்து, ஒரு வடை எடுத்துக்கொண்டு போனது. அறையைத் திறக்க நேரமாகும் என்றார்கள். ரீச்சர் கவலையோடு அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவோ மதில்கட்டில் அமர்ந்து, அடுத்தது என்ன என்று கேட்டார். பட்டிமன்றம் மைதானத்திலேயே தொடங்கியது. நடுவராக நான் ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்து அதில் ஏறி நின்றேன்.

மாமா ஆங்கிலத்தில் முழங்கினார். தகப்பன் ஒருவன்தான், மனைவி கால் உள்ளவள் என்றார். அக்கா, "கால் எங்களுக்கும் இருக்கு, அதாலைதான் நாங்கள் இஞ்சை வந்து சேந்தனாங்கள்; எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது எந்த நாயகன்?" என்று அதையே ஆங்கிலத்திலும் ஒருமுறை கேட்டார். பெண்கள் பக்கத்தில் விசில் பறந்தது. அதிகாரி அம்மாவும் கைதட்டினார். எனக்கு அந்த மைதானத்தை அப்படியே கட்டிப்பிடிக்கவேண்டும்போல் இருந்தது.

கைதட்டல் அடங்கியதும் அதிகாரி அம்மா ரீச்சரிடம் மெல்லச் சொன்னார், நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. இதைவிடச் சந்தோஷமான மாலை தனக்கு நினைவில்லை, ஆனாலும் பெயர் எண்ணிக்கை ஒன்று குறைகிறது, விதியைத் தன்னால் மாற்றமுடியாது. ரீச்சர் தலையாட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, சபையில் வேறு யாராவது பேசவேண்டுமா என்று கேட்டார். அவருடைய குரல் உடைந்திருந்தது.

என் கணவர் கையை உயர்த்தினார்.

நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிற மனிதர், அன்றைக்குத் தமிழில் பேசினார். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"அவன் திரும்பிப் பாக்காததுக்கு ஒரு காரணம் இருக்கு. திரும்பிப் பாத்திருந்தால் போயிருக்கமாட்டான். அவளையும் பிள்ளையையும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அதிலையே நிண்டிருப்பான். பேந்து எல்லாரும் நெருப்புக்குள்ளைதான். அதாலை பாக்கேல்லை. ஆனால் பாக்காமல் போனவனுக்கு, அதுக்குப் பிறகு வந்த ஒரு இரவும் நித்திரை இல்லை. அதைப் புலவர் எழுதேல்லை. அவ்வளவுதான்."

எனக்குக் கண் மறைத்தது. இத்தனை வருடமாக நான் கேட்காமல் கேட்ட கேள்விக்கு அவர் நடுமைதானத்தில் வைத்துப் பதில் சொல்லிவிட்டார்.

தமிழ் தெரியாத ரீச்சர் என்னைப் பார்த்தார். அதிகாரி அம்மாவும் பார்த்தார். என்ன சொன்னார், எங்களுக்கும் சொல்லுங்கள் என்றார்கள். மொழிபெயர்க்க வேண்டியவள் நான்தான். நான் மூக்கை உறிஞ்சி, முந்தானையால் துடைத்து, ஆங்கிலத்தில் சொன்னேன்:

"செப்டம்பரிலிருந்து தானும் இந்த வகுப்பில் சேருகிறாராம்."

கணவர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். மகள், "பட் அப்பா டிடின்ட்" என்று தொடங்கினாள். மாமா அவளுடைய வாயில் ஒரு வடையை வைத்தார். இவ்வளவு நீளமாகப் பேசியது அதைத்தானா என்று அதிகாரி அம்மா சந்தேகமாகக் கேட்டார். பார்க்கிங் அக்கா ஒரு அடி முன்னால் வந்தார். "ஓம் ஓம். எங்கட பாஷை கொஞ்சம் நீளம்" என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார். ரீச்சர் ஓடிவந்து என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கைகளை உதறிவிட்டு இல்லையென்று சொல்லக்கூடிய மனிதர் இல்லை அவர். மாமா பொன்னாடையைத் தேடினார். ரீச்சருக்கென்று வாங்கியதை மகனுக்குப் போர்த்தினார், பிறகு கழற்றி ரீச்சருக்கும் போர்த்தினார்.

தீர்ப்பை நான் சொல்லவேயில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

காரில் போகும்போது மாமாவும் மகளும் பின் சீட்டில் தூங்கிவிட்டார்கள். குத்துவிளக்கு என் மடியில் இருந்தது. ஒரு சிவப்பு வெளிச்சத்தில் நின்றபோது கணவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"நான் சொன்னது அதுவே?"

"இல்லை."

"அப்ப ஏன் நான் சொன்னதை அவையளுக்குச் சொல்லேல்லை?"

"அது அவையளுக்குச் சொன்னதோ?" என்றேன். "எனக்கெல்லே சொன்னனீங்கள்."

வெளிச்சம் பச்சையானதும் காரை எடுத்தார். செப்டம்பரில் முதல் புதன்கிழமை, மகளையும் பின் சீட்டில் ஏற்றிவிட்டு, எங்களுக்கு முன்னால் காரில் ஏறி இருந்தவர் அவர்தான்.